மொழி தெரிந்த அலுவலர்

அரசாங்கம் உதவித்தொகை கொடுத்து என்னை ஜப்பானுக்கு அனுப்பி, இரண்டு வருடம் மொழி படிக்க வைத்தது. பதிலுக்கு மூன்று வருடம் அது சொல்கிற இடத்தில் வேலை செய்ய வேண்டும். கையெழுத்துப் போட்டேன், அப்பா ஜாமீன் போட்டார். ஏதாவது தூதரகத்தில் உட்கார வைப்பார்கள் என்று கனவு கண்டுகொண்டு திரும்பினேன். விருத்தாசலத்தில் ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் உட்கார வைத்தார்கள். வருகிற மனுவுக்கு எண் போட்டு முத்திரை குத்த வேண்டும். இதற்கு ஜப்பான் எதற்கு, நெய்வேலிக்கு அனுப்பியிருந்தாலே போதுமே.

ஊரும் சும்மா விடவில்லை. பீங்கான் கம்பெனிக்காரர் ஒருவர் சீனாவிலிருந்து வந்த மெஷினின் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். இது சீன மொழி, எனக்குத் தெரியாது என்றேன். எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்குது, கொஞ்சம் முயற்சி பண்ணுங்க என்றார்.

இப்படியே இரண்டு வருடம் நாலு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மனுவோடு வந்தார். மகன் ஜப்பானில் ஃபேக்டரி வேலையில் இருக்கிறான். பத்து நாளாக ஃபோனில் குரல் மட்டும்தான், வீடியோவில் வரச் சொன்னால் நெட் இல்லை என்கிறானாம். இதற்கிடையில் ஃபேக்டரியிலிருந்து கையால் எழுதிய கடிதம் ஒன்று வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் செல்ஃபோனை அதன் மேல் பிடித்துப் பார்த்தாளாம், அது ஏதோ உளறியதாம். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதித் தர வேண்டும், அதுதான் மனு.

எண் போடும்போதே படித்துவிட்டேன். மகனுடைய வலது கையில் மூன்று விரல்கள் மெஷினில் போய்விட்டன. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அங்கே யாரோடும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, வீட்டிலிருந்து யாராவது அவனிடம் மனம்விட்டுப் பேசினால் நல்லது என்று மேற்பார்வையாளர் எழுதியிருந்தார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். தலைமை எழுத்தரிடம் போய்க் கேட்டேன் பாருங்கள், அதுதான் நான் செய்த முட்டாள்தனம். கடிதத்தை மனுவோடு இணைத்துவிட்டால் அது அரசு ஆவணம், உத்தரவு இல்லாமல் வாயால் சொன்னாலும் மொழிபெயர்ப்புதான், ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கும்போது வம்பை விலைக்கு வாங்காதேம்மா என்றார். கோப்பு மேலே போனது. அதிகாரி ஓரத்தில் ‘பேசுக’ என்று எழுதினார். எங்கள் ஆபீஸில் அதற்கு, நேரில் வந்து விளக்கு என்று அர்த்தம். விளக்கினார்கள். கடலூர் போனது, சென்னை போனது.

அந்த அம்மா திங்கள் தவறாமல் பஸ் பிடித்து வந்தார். கோப்பு மேலே போயிருக்கிறது என்று பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவர் போன பிறகு யார் மேல் எரிச்சல் என்று தெரியாமல் முத்திரையை ஓங்கிக் குத்துவேன்.

நாலாவது வாரம் கோப்பு இறங்கி வந்தது. தங்கள் அலுவலகத்தில் ஜப்பானிய மொழி தெரிந்த அலுவலர் ஒருவர் பணிபுரிவதாகத் தெரிகிறது, அவரைக் கொண்டு மொழிபெயர்த்து வழங்கவும். சுற்றிச் சுற்றிச் சுப்பர் கொல்லை என்று என் மேஜைக்கே வந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் அழவில்லை. தாளை வாங்கி மடித்துக்கொண்டு, இதை எழுத ரொம்ப நாளாயிடுச்சா என்று கேட்டார். பத்து நிமிஷம்தான் என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

“அப்போ அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன். உத்தரவு, ஒப்பந்தம் என்று ஏதேதோ சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

“தெனம் ஃபோன்ல சாப்புட்டியான்னு கேப்பேன். சாப்புட்டேம்மான்னுவான். நானும் சரின்னு வெச்சிடுவேன்” என்றார். “கையப் பத்திக்கூட வேணாம். புள்ள சாப்புடலன்னு மட்டுமாவது சொல்லியிருக்கலாமேம்மா.”