ஓரம் மட்டும் பதிந்த கால்

அறுபதுகளின் தொடக்கம். எனக்குக் கடையத்தில் டீச்சர் வேலை கிடைத்த சந்தோஷத்தில் என் வீட்டுக்காரர் ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தார். அதுவரை நான் செருப்பே போட்டதில்லை. முன்பக்கம் கூம்பி, பார்க்க லட்சணமாக இருந்தது, காலுக்குத்தான் போதவில்லை. ஆசையாக வாங்கி வந்ததை வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? தென்காசியில் பஸ் ஏறி, கடையத்தில் இறங்கி, பள்ளிக்கூடம் வரை அதோடுதான் நடப்பேன்.

சில மாதத்தில் வலது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே கால் ஆணி வந்துவிட்டது. யாரிடம் சொல்ல? எங்கள் வீட்டில் மருமகள் பெரியவர்கள் முன்னால் கால் நீட்டி உட்காரவே கூடாது. உள்ளங்காலைத் தூக்கிக் காட்டுவதெல்லாம் நடக்கிற காரியமா? பாதத்தை ஓரமாகச் சாய்த்துச் சாய்த்து நடந்து சமாளித்தேன். கொஞ்ச நாளில் காலை மறந்தே போனேன். இடுப்பு வலி உயிரை எடுக்க ஆரம்பித்திருந்தது.

இடுப்பு வலியை வெளியே சொல்லலாம். சொன்னேன், அதுவே வினையாகிவிட்டது. நாள் முழுக்க நின்று பாடம் நடத்துவதால்தான் வலி என்று என் மாமனார் தீர்ப்பே சொல்லிவிட்டார். ஆடி முடிவதற்குள் சரியாகாவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டுமாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்து வாங்கிய வேலை! வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் எந்த வலிக்கும் ஒரே வைத்தியம் குற்றாலம். சீசனும் தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மாமியார் என்னைக் கூட்டிப் போய், இடுப்பில் எண்ணெய் தேய்த்து, அருவிக்கு அடியில் நிறுத்துவார். தண்ணீர் மொத்து மொத்தென்று மொத்தும். சுகமோ சுகம். மறுநாள் கடையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பழைய குருடி கதவைத் திறடிதான்.

ஆடி கடைசி ஞாயிறு. குளித்துவிட்டு ஈரக் காலோடு காய்ந்த பாறையில் நடந்தேன். பின்னால் வந்த மாமியார் நின்றுவிட்டார்.

“ஏட்டி, ஒன் தடத்தத் திரும்பிப் பாரு. எடது கால் முழுசா இருக்கு. வலதுல ஓரம் மட்டுந்தான் இருக்கு.”

அதோடு விடவில்லை. என்னை உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்து, காலைத் தூக்கி மடியில் வை என்றார். நான் பதறிப்போய்ப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். கணுக்காலைப் பிடித்து இழுத்து அவரே மடியில் வைத்துக்கொண்டார். ஆணியை அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் குளிக்க வந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“இத வச்சுக்கிட்டா இத்தன நாளும் இடுப்புல எண்ணெய் தேய்க்க விட்ட?”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இருவரும் எழுந்ததும் அவர் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தேன். பாதியிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது.

“சரியான பெறவு கும்பிடு” என்றார்.

மறுநாள் அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் ஆணியை எடுத்தார். காலைக் கோணலாக ஊன்றித்தான் இடுப்பைக் கெடுத்துக்கொண்டேன் என்றார். அந்தச் செருப்பைத் தூக்கிப் போடவும் சொன்னார். மாமனாரிடம் பேசி ஆவணி வரை தவணை வாங்கியதும் மாமியார்தான். வீட்டுக்காரர் அடுத்து வாங்கி வந்த செருப்பில் இரண்டு பேர் நடக்கலாம். மாற்றி வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். இந்தத் தடவை வாய் வந்தது.

ஆவணி முடியப்போகிற ஒரு காலையில், வேலைக்குப் புறப்படும்போது, கூடத்தில் நின்ற மாமியார் முன்னால் குனிந்தேன். பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அப்படியே நிமிர்ந்தேன். ஒரு வலியும் இல்லை. மாமனார் பேப்பரை இறக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேரமாச்சுல்லா,” என்றார். “பஸ்ஸ விட்டுராத.”