செல்வி அக்காவைக் கண்டுகொள்ளாத கேமரா

மேட்டுப்பாளையத்தில் எங்கள் பேக்கிங் லைனுக்குப் புதுக் கேமரா வந்தது. அடிக்கடி பாத்ரூம் போகும் பெண்களைப் பிடித்து மெமோ கொடுக்க வேண்டுமாம். வெட்கங்கெட்ட கம்பெனி.

"மூளை மாதிரிதான் சார். அடுத்து என்ன நடக்கும்னு யூகிக்கும், யூகம் தப்புனா மட்டும் அலாரம் அடிக்கும்," என்றார் மாட்ட வந்த இன்ஜினியர், எங்கள் மேனேஜரிடம். சில நாட்களாக எங்களைப் பார்த்துப் பழகியிருந்ததாம்.

இன்று சோதனை. செல்வி அக்கா பயந்துகொண்டே எழுந்து பாத்ரூம் போனார். சத்தமே இல்லை.

"இவங்க தினம் போறதுதானே சார், அதுக்குப் பழகிடுச்சு," என்றார் இன்ஜினியர்.

கடுப்பான மேனேஜர், வழியில் கிடந்த அட்டைப்பெட்டியைத் தானே குனிந்து தூக்கி ஓரமாக வைத்தார். அலாரம் அலறியது.

"நீங்க வேலை செஞ்சு அது பாத்ததே இல்ல சார்," என்றார் திரும்பி வந்த செல்வி அக்கா. லைனே சிரிப்பில் குலுங்கியது.

மதியமே கேமராவைக் கழற்றச் சொல்லிவிட்டார் மேனேஜர். மெமோவும் இல்லை. எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

உங்கள் ஆபீஸில் மாட்டினால் யார் குனிந்தால் அலறும்?