எஸ்தர் டீச்சர் வாசிக்க வைத்த மூன்று தடவை

வெள்ளிக்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நம்மோடு பியானோ படித்த பாங்க் சந்திரிகா. "டீச்சர் ஹோகிபிட்டரு, தாத்தா" என்று கன்னடத்தில் சொன்னார். எனக்குப் புரியவில்லையோ என்று, "போயிட்டாங்க" என்று தமிழிலும் சொன்னார். "சரிம்மா" என்றேன். அழுகை வரவில்லை. எஸ்தர் டீச்சருக்காக அழுகிறவர்கள் அவரிடம் ஒரு மாதத்துக்கு மேல் படித்திருக்க மாட்டார்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய நினைவுக் கூட்டத்துக்கு வரப்போகிற உங்களுக்காகச் சொல்கிறேன்.

தேவராஜ மொஹல்லா கடைத்தெருவில் மூட்டை தூக்கினவன் நான். அறுபது வயதில், இன்னும் ஐந்து பேரோடு சேர்ந்து டீச்சரின் பியானோவை மாடிக்கு ஏற்றினேன். மற்றவர்கள் டீ குடிக்கப் போனபோது ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்தேன். அவ்வளவு நேரம் தோளை அறுத்த பொருளுக்குள் அப்படி ஒரு குரல். "எனக்குச் சொல்லித் தருவீங்களா?" என்றேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவரான டீச்சர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது விரலா பெரியவரே, கடப்பாரையா? செவ்வாய்க்கிழமை வாங்க."

பயத்தில் கட்டையைத் தொட்டும் தொடாமலும் வாசிப்பேன். "மூட்டைய இறக்குற மாதிரி இறக்குங்க. உங்களவிட மோசமானவங்களை எல்லாம் அது பார்த்திருக்கு" என்பார். என்னை மட்டும் சொல்லவில்லை. நம்மோடு படித்த டாக்டரிடம், "உங்ககிட்ட ஆபரேஷன் பண்ணிக்கிறவங்க பாவம்" என்றது ஞாபகம் இருக்கிறதா? டாக்டர் சிரித்தார். அடுத்த வாரம் வரவில்லை.

புத்தகத்தைப் பார்த்து வாசிக்க எனக்கு வழியில்லை. டீச்சர் வாசிப்பார், அவர் கையைப் பார்த்து என் கை பழகும். ஒரே தாளில் முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம் வரும் ஒரு நடன இசை. அதைப் படிக்க ஒரு வருஷம் ஆனது. வருஷக் கடைசியில் மாணவர்கள் எல்லோரும் மேடையில் வாசிக்க வேண்டும். யாரும் சிரிக்காமல் அதை ஒரு தடவை முடித்துவிட வேண்டும், எனக்கு அது போதும். என் மனைவியும் மகனும் சபையில் இருந்தார்கள்.

பாதியில் ஒரு இடத்தில் நிறுத்தி, மூச்சு விடும் நேரம் இருந்து, மறுபடி ஆரம்பித்தேன். முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். டீச்சர் எழுந்தார். "இவருக்கு எழுத்து தெரியாது. நான் பக்கம் திருப்ப நிறுத்துவேன் இல்லையா, அதையும் பாட்டுன்னு நினைச்சு மனப்பாடம் பண்ணிட்டார்" என்றார். சபையே சிரித்தது. என் மகனும் சிரித்தான். பாட்டு அங்கே மூச்சு வாங்குகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இறங்கப் போனேன். "உட்காருங்க. நிறுத்தாம முதல்ல இருந்து." வாசித்தேன். அதே இடத்தில் கை தானாக நின்றது. மறுபடி சிரிப்பு. "இன்னொரு தடவை." மூன்றாவது தடவை நிற்காமல் போய்விட்டது. கைதட்டினவர் இல்லை. குழந்தைகள் போண்டாவுக்கு அழுதுகொண்டிருந்தார்கள்.

படிக்கட்டில் டீச்சரை மறித்துக் கேட்டேன். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஆறு மாசமா தெரியும்."

"ஏன் சொல்லல?"

"எனக்கும் சிரிக்க ஒண்ணு வேணாமா?" என்றார். இரண்டு படி இறங்கித் திரும்பினார். "மூணாவது தடவை யாராவது சிரிச்சாங்களா? ஜனங்க சிரிப்பு அவ்வளவுதான், பெரியவரே. ரெண்டு தடவைக்கு மேல தாங்காது."

நான்கு மாதம் நான் வகுப்புக்குப் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போய்க் கதவைத் தட்டினேன். "நகம் வெட்டிட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு பத்து வருஷம் படித்தேன். ஒரு நாளும் "நல்லா இருக்கு" என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

அவரை நான் மன்னிக்கவில்லை. அவரும் கேட்டதில்லை. நேற்று சந்திரிகா அன்பாகச் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை நீங்க வாசிச்சுக் கஷ்டப்பட வேணாம் தாத்தா, சும்மா வந்து உட்காருங்க." அந்த அன்பு எனக்கு வேண்டாம். டீச்சர் எனக்கு விட்டுப்போனது நடுங்காத இந்தப் பத்து விரல்தான். நான் வாசிக்கப்போகிறேன், பழசு இல்லை, நான்கு பக்கம் வரும் புதுசு. கண்டிப்பாகத் தப்பு வரும். சிரிப்பு வருகிறவர்கள் தயவுசெய்து முன்வரிசையில் உட்காருங்கள்.