காவல்காரரின் வலது கால்

ஊருணியில் இறங்குவதற்கு முன்னால் காலைக் கழுவ வேண்டும். அது ஊர்க்கட்டு. கரையில் ஒரு கல்தொட்டி உண்டு. அதில் கழுவாத கால் படியில் படாமல் பார்ப்பது மலையாண்டியின் வேலை. புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948ஆம் வருஷம் அந்தக் காவல் கம்பு அவர் கைக்கு வந்தது. பதின்மூன்று வருஷம் அவரிடம் இருந்தது.

அரிமளத்துக்குத் தெற்கே நாலு மைலில் அந்த ஊர். குடிக்க அந்த ஒரே ஊருணிதான். நாலு பக்கமும் செம்பாறாங்கல் படிகள். குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. சேரி ஆட்கள் படியில் கால் வைக்கக் கூடாது. அவர்களுக்குத் தனியாக ஓர் உப்புக் கிணறு. கல்யாணம் கருமாதிச் சமையலுக்கு நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைக் கரையில் வைத்துவிட்டு, யாராவது இரங்கி மொண்டு ஊற்றும் வரை நிற்க வேண்டும். சேரிச் சேவுகன் அப்படி அரைநாள் நின்றதை மலையாண்டி பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார்.

திருவிழா நாள் தவிர, இடுப்பளவு தண்ணீரில் இறங்க அனுமதி உள்ளவர் அவர் ஒருவர்தான். கோடையில் பாசி அள்ள வேண்டுமே. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பங்குனி பிறந்தால் ஊரில் பாதிப் பேர் நொண்டுவார்கள். காலில் ஒரு கொப்புளம் வரும். நெருப்பை வைத்துத் தேய்த்தது போல எரியும். உடைந்தால் வெள்ளை நூல் மாதிரி ஒன்று தலையை நீட்டும். நரம்புச்சிலந்தி. அதைத் துடைப்பக் குச்சியில் கட்டி, நாளுக்கு ஒரு சுற்றாக வெளியே இழுக்க வேண்டும். மாதம் ஒன்றாகும். அறுந்தால் ஆபத்து. உடம்புச் சூடு என்றார்கள், சாமி குத்தம் என்றார்கள். வந்தது, போயிற்று, மறு வருஷமும் வந்தது.

1958இல் மலையாண்டியின் மனைவி கண்ணாத்தாளுக்குக் கணுக்காலில் வந்தது. விறகு பொறுக்கப் போன இடத்தில் குச்சி முள்ளில் மாட்டி நூல் அறுந்தது. கால் வீங்கியது. பன்னிரண்டாம் நாள் வாய் கிட்டிக்கொண்டது. வண்டி கட்டிக் கிளம்பினார்கள். அரிமளம் வருவதற்குள் முடிந்துவிட்டது. புண் வழியாக வரும் ரணஜன்னி. மலையாண்டி வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தார். மறு வாரமே கரைக்குப் போய்விட்டார். போகாமல் வேறு என்ன செய்வது?

ஒரே மகன் நாகராசு. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரிச் சோதனைச்சாலையில் வேலை. 1961 பங்குனியில் லீவில் வந்தான். அப்பாவின் வலது காலில் கொப்புளம். அவன் அதைப் பார்த்தான். ஊருணித் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் மொண்டு வந்து வெயிலுக்கு நேரே பிடித்தான்.

"இதப் பாருங்கப்பா."

"தண்ணி."

"உத்துப் பாருங்க. வெள்ளையா ஏதோ துள்ளுதா?"

"தூசிடா."

"தூசி தானா மேல ஏறுமா?"

மலையாண்டி பார்த்தார். ஏறியது. நாகராசு கொடுத்த பூதக்கண்ணாடியை வாங்கி மறுபடி பார்த்தார். அதற்கு வாலும் இருந்தது.

மகன் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னான். காலில் இருக்கும் புழு, தண்ணீர் பட்டதும் ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைக் கக்கும். அவற்றைத் தம்ளரில் துள்ளும் இந்தப் பூச்சி தின்னும். பூச்சியை நாம் குடிப்போம். புழு உடம்புக்குள் ஒரு வருஷம் வளர்ந்து, காலுக்கு வந்து தோலைத் துளைக்கும்.

"காலக் கழுவிட்டுத்தானே எறங்குறாங்க?"

"கழுவுனா அழுக்குப் போகும். புழு உள்ள இருக்கு. சேரியில யாருக்காச்சும் இது வந்து பாத்திருக்கீங்களா?"

பதின்மூன்று வருஷமாகக் கால்களைப் பார்ப்பதே மலையாண்டியின் பிழைப்பு. சேவுகன் காலில் பித்தவெடிப்பு உண்டு. அவன் பெண்சாதி காலில் சேற்றுப்புண் உண்டு. குச்சி கட்டி யாரும் நடந்ததில்லை.

"இல்ல."

"அவங்க கெணத்துல படி கெடையாது. கயிறு போட்டு எறைக்கிறாங்க. யார் காலும் தண்ணியில படாது."

"நாமதான் அவங்கள இங்க எறங்க விடல," என்றார் மலையாண்டி.

"ஆமா."

அவர் பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு வருசம்னா சொன்னே?"

"பத்துலேருந்து பன்னெண்டு மாசம்."

1957 பங்குனியில் அவருக்கு இடது காலில் இருந்தது. தண்ணீரில் நின்றால் எரிச்சல் அடங்கும். அதனால் பாசி அள்ளும் சாக்கில் காலையும் மாலையும் இறங்கினார். அள்ளிய பிறகும் நின்றார். கண்ணாத்தாள் படியிலிருந்து கேலி செய்தாள்: "பாசி அள்ளப் போறீங்களா, பாயப் போட்டுப் படுக்கப் போறீங்களா?" சொல்லிவிட்டு, அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே குடத்தை அமுக்கி மொண்டுகொண்டு போனாள். மறு பங்குனியில் அவளுக்கு வந்தது.

"அப்ப ஒங்க ஆத்தாளுக்கு..."

"ஊர்ல எத்தனையோ பேர் காலுல இருந்துச்சுப்பா. யாரால வந்ததுன்னு சொல்ல முடியாது."

"தண்ணிக்குள்ள அவ்வளவு நேரம் நின்னது யாரு?"

நாகராசு தம்ளரைக் கீழே கொட்டினான். சேரியைப் பற்றிக் கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். மாதக் கணக்கைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றியது.

திருச்சிக்குத் திரும்பும்போது, "எறங்காதீங்க. தண்ணிய வேட்டித் துணியில நாலா மடிச்சு வடிகட்டுனா போதும். ஊர்ல சொல்லுங்க," என்றான்.

மறுநாள் மலையாண்டி இறங்கவில்லை. கொப்புளம் உடைந்து எரிந்தது. மேல் படியில் உட்கார்ந்து, குடத்தோடு வந்தவர்களிடமெல்லாம் துணியைப் பற்றிச் சொன்னார்.

"பால வடிகட்டுவாங்க, பதனிய வடிகட்டுவாங்க. ஊருணித் தண்ணிய யாராச்சும் வடிகட்டுவாங்களாண்ணே?" என்றாள் அழகி. மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

"தெனம் ஒரு நிமிசம் ஆத்தா. புள்ளைக்குட்டிக்காரி நீ."

"சரி விடுங்க. கிழிஞ்ச வேட்டி ஒண்ணு கெடக்கு. அழுவாதீங்க."

அவர் அழவில்லை. கால் எரிச்சலில் கண்ணில் நீர் வந்திருந்தது.

நாலாம் நாள் அய்யனார் கோயில் திருவிழா. ஊர்த்தலைவரான அம்பலம் ஆவுடையப்பன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தீர்த்தக்குடம் எடுக்க வேண்டும். அது தலைமுறை வழக்கம். மேளத்தோடு கூட்டம் வந்தது. ஆவுடையப்பன் நொண்டிக்கொண்டு வந்தார். கல்தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, முறைப்படி கழுவினார். குச்சியில் இரண்டு சுற்று நூல் இருந்ததை மலையாண்டி பார்த்தார். எழுந்து கம்பைக் குறுக்கே நீட்டினார்.

"என்னப்பா?"

"நீங்க எறங்கக் கூடாதுங்க. கால் நல்லாயிருக்கிற யாரையாச்சும் எடுக்கச் சொல்லுங்க."

"கழுவிட்டேன்ல?"

"கழுவுனா போகாதுங்க. என் காலுலயும் இருக்கு. நானே எறங்கி நாலு நாளாச்சு."

"ஓம் மகன் வந்துட்டுப் போனானாமே. ஊருணித் தண்ணியில புழு, சேரிக் கெணறு சுத்தம்னானாம். அவனுக்குத்தான் டவுன் காத்து அடிச்சிருச்சு, ஒனக்கென்னடா?"

"அவன் சொன்னதும் நெசம். நான் யோசிச்சுப் பாத்ததும் நெசம்."

"என்னத்த யோசிச்சே?"

"கண்ணாத்தாளக் கொன்னது நாந்தாங்க. இந்தத் தண்ணியில நின்னு."

மேளம் நின்றுவிட்டது. ஆவுடையப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை, கிட்டத்தட்ட இரக்கம்தான்.

"பொண்டாட்டி போனதுலேருந்து இவனுக்குப் புத்தி சரியில்ல. கம்ப வாங்குங்கப்பா. மலையாண்டி, இனிமே இந்தக் கரைப் பக்கம் வராதே."

யாரோ கம்பை வாங்கினார்கள். இழுக்க வேண்டியிருக்கவில்லை. மேளம் மறுபடி தொடங்கியது. ஆவுடையப்பன் படி இறங்கினார். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் அவர் முகம் தளர்ந்தது, கண் பாதி மூடியது. எரிச்சல் அடங்குகிறது. அந்தச் சுகம் மலையாண்டிக்குத் தெரியும். மற்றவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுப் பானையில் தண்ணீர் இல்லை. மலையாண்டி குடத்தை எடுத்துக்கொண்டு சேரிக் கிணற்றுக்குப் போனார். பத்தடி தள்ளியே நின்றார். சேவுகன் இறைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன காவக்காரய்யா, இங்கிட்டு?"

"தண்ணி வேணும் சேவுகா. நீயே ஊத்து. நான் கிட்ட வரல, கால் சரியில்ல."

"நீங்க வந்தா எங்களுக்குத் தீட்டாய்யா?" சேவுகன் சிரிக்காமல் கேட்டான்.

மலையாண்டி குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றார். சேவுகன் கயிற்றை விட்டான், இழுத்தான், இன்னும் இரண்டு வாளியைத் தன் பானையில் ஊற்றினான். அவசரப்படவில்லை. பிறகு வந்து அவர் குடத்தை நிரப்பினான்.

"உப்பு. வாயில வைக்க முடியாதுய்யா."

மலையாண்டி ஒரு கை வாங்கிக் குடித்தார்.

"உப்புத்தான்," என்றார்.

ஐந்து வருஷம் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார். ஊரில் அவரோடு புழங்குவதைக் குறைத்துக்கொண்டார்கள். திருச்சிக்கு வந்துவிடும்படி மகன் கூப்பிட்டான். "அங்க வந்து என்ன செய்ய?" என்றார். வலது காலில் இருந்த புழுவைத் தானே சுற்றி முடித்தார், முப்பத்தோரு நாள். அதற்குப் பிறகு அவருக்கு வரவில்லை. அழகி வீட்டிலும் வரவில்லை. ஊரில் வந்துகொண்டுதான் இருந்தது.

1966 மாசியில் காய்ச்சலில் இறந்தார். ஆவுடையப்பன் ஆள் அனுப்பினார்: பழசை மறந்துவிடலாம், உடலைக் குளிப்பாட்டும் நீர்மாலைக்கு ஊருணியிலேயே தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். பெரிய மனசுதான். நாகராசு வந்த ஆளைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவைத்தான். வாசலுக்கு அப்பால், வேப்பமரத்தடியில், சேவுகன் ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரோடு விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. நாகராசு போய்க் குடத்தை வாங்கினான்.

அப்பாவின் காலை நாகராசுதான் அந்தத் தண்ணீரில் கழுவினான். இரண்டு காலிலுமாக ஏழு தழும்பு. ஒவ்வொன்றும் ஒரு பங்குனி.