சிவப்புக் கோடு விழுந்த வசனம்

மான்செஸ்டருக்கு வடக்கே பிரெஸ்ட்விச்சில், ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவள் ஷிஃப்ரா லிப்மன். போன் ஓய்ந்த நேரத்தில் வேதப் புத்தகத்தை மடியில் விரித்து, பழைய எபிரேய வினைச்சொற்களைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பாள். நாற்பது தாண்டியபின், உயர்நிலைப் பள்ளியில் வேதகால எபிரேயம் கற்பிக்கும் பயிற்சிக்கு மனுப் போட்டாள். இடம் கிடைத்தது.

"வாயில பஞ்சு வெச்சிருக்கறவங்ககிட்டயே பேசிப் பழகிட்ட. இந்தப் பொண்ணுங்க திருப்பிப் பேசும்," என்றான் கணவன் பென்ஜி.

பேசின. பயிற்சிக்கு அவளை அனுப்பிய யூதப் பெண்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு அது.

"மிஸ், இந்த பாஷைய வெச்சு டெல் அவிவ்ல ஒரு பஸ் புடிக்க முடியுமா?"

"மிஸ், உங்க விக் இன்னிக்கு இடது பக்கம் போவுது."

விக்கைப் பற்றிச் சொன்னவள் கிட்டி. கடைசி வரிசை. மணமான பெண்கள் எல்லாரும் விக் அணிகிற அந்தத் தெருக்களில், விக் கோணுவது சின்ன அவமானமில்லை. ஷிஃப்ராவின் கை தலைக்குப் போகும். வகுப்பு சிரிக்கும். பாடம் அத்தோடு போயிற்று.

அவளை மேற்பார்வை பார்த்த துறைத் தலைவி டினா ஹெர்ஷ்கோ, அவளைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவள். "நீங்க புத்தகத்தப் பாத்து நடத்தறீங்க ஷிஃப்ரா. பிள்ளைங்களப் பாத்து நடத்துங்க," என்பாள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மதிப்பீட்டாளரும் ஏறக்குறைய அதையேதான் எழுதிவிட்டுப் போனார். கோடை விடுமுறைக்கு முன் அவர் மறுபடி வருவார். அன்று தேறாவிட்டால் சான்றிதழ் இல்லை.

அந்த வகுப்பில் ஒரே ஒருத்திதான் பாடத்தைக் கேட்டாள். ஜன்னலோரம் உட்காரும் எல்கா ரோஸ்னர். சொன்னதை எழுதுவாள், எழுதியதைப் படிப்பாள், சந்தேகம் இருந்தால் மறுநாள் காலையில் வாசலிலேயே நின்று கேட்பாள். அவளுக்காகவே ஷிஃப்ரா காலையில் எழுந்து புறப்பட்ட நாட்கள் உண்டு.

எபிரேய எழுத்துக்கு அடியில் புள்ளியாக வரும் ஒவ்வொரு உயிர்க்குறிக்கும் பரீட்சையில் மதிப்பெண் உண்டு என்பதால் ஒருநாள் ஷிஃப்ரா சொன்னாள்: "புத்தகத்துல இருக்கறபடியே வசனத்த எழுதுங்க. ஒரு புள்ளி விடக்கூடாது."

கடவுளின் பெயர் வரும் இடத்தில் ஓர் எழுத்தும் ஒரு சின்னக் கோடும் போட்டு நகர்ந்துவிடுவது அந்தப் பிள்ளைகளின் வழக்கம். ஐந்து வயதிலேயே கைக்குப் பழகிவிடுகிறது. அன்றும் எல்லாரும் அப்படியே செய்தார்கள். எல்கா மட்டும் ஆசிரியை சொன்னபடி அந்தப் பெயரின் நான்கு எழுத்தையும் முழுசாக எழுதினாள். அவசரத்தில் அந்த வரியை இரண்டு முறை எழுதிவிட்டாள்.

வியாழன் மாலை. பென்ஜி சனிக்கிழமை ஓய்வுநாளான சப்பாத்துக்கு ரொட்டி வாங்க வரிசையில் நிற்க, ஷிஃப்ரா காருக்குள்ளேயே நோட்டுகளைத் திருத்தினாள். இரண்டு முறை வந்த வரியின் மேல் சிவப்புப் பேனாவால் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். அடுத்த நோட்டை எடுத்தாள்.

எழுதப்பட்ட திருநாமத்தை அழிக்கக் கூடாது. அது இருக்கிற தாளைக் குப்பையிலும் போடக் கூடாது. ஜெபாலயத்துப் பெட்டியில் சேர்த்து, மனிதரைப் புதைப்பதுபோல் மண்ணில் புதைப்பார்கள். இதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? கண்ணுக்கு முன்னால் கை ஓடிவிட்டது.

திங்கட்கிழமை எல்கா நோட்டோடு எழுந்து நின்றாள்.

"மிஸ், அவர் பேர் மேல கோடு போட்டிருக்கீங்க."

வகுப்பு அடங்கியது. வருஷம் முழுக்க ஷிஃப்ரா கெஞ்சியும் அதட்டியும் கிடைக்காத அமைதி, கேட்காமலே வந்தது.

"நான் பாக்கலம்மா."

"நீங்கதான மிஸ் அப்படியே எழுதச் சொன்னீங்க?" குரலில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அன்று மாலையே ஷிஃப்ரா ஜெபாலயத்து மதகுருவிடம் போனாள். ரப்பி நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எழுத்து தெரியுதுல்ல? அப்ப அழிஞ்சதாகாது. வேணும்னு செய்யல. போய்ப் பாடத்த நடத்துங்கம்மா. நோட்ட மட்டும் பெட்டியில சேத்துடுங்க."

எல்காவின் அப்பா பள்ளிக்குப் போன் செய்தார். கத்தவில்லை. "ரப்பி சொன்னது சரிதாங்க. என் பொண்ணு பேனாவத் தொட மாட்டேங்கறா. அதுக்கு யாரு தீர்ப்பு சொல்றது?"

மதிப்பீட்டாளர் வந்தார். யூதரல்லாத, மரியாதையான மனிதர். பின்னால் போய் அமர்ந்தார். ஷிஃப்ரா கேள்வி கேட்டாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. எழுதச் சொன்னாள். எல்காவைப் போலவே எல்லார் பேனாவும் மூடியே கிடந்தது. கிட்டியைப் பார்த்தாள், கிட்டி மேசையைப் பார்த்தாள். விக் நிஜமாகவே சரிந்திருந்தது, காதில் உரசியது. ஒருத்தியாவது சொல்லிச் சிரிக்க மாட்டாளா என்றிருந்தது.

'ஒழுங்கு சிறப்பு. கற்றல் நடக்கவில்லை,' என்று எழுதினார் அவர். தேறவில்லை.

"அடுத்த வருஷம் வேற ஸ்கூல்ல முயற்சி பண்ணலாம்," என்றாள் டினா.

"இதச் சொல்லிக்குடுக்கற வேற ஸ்கூல் இந்த ஊர்ல எங்க இருக்கு டினா?"

டினா கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

கடைசி நாள் நடைபாதையில் எல்கா எதிரே வந்தாள். அடுத்த வருஷத்துக்கு அவள் எபிரேயத்தை விட்டுப் புவியியல் எடுத்திருப்பது ஷிஃப்ராவுக்குத் தெரியும்.

"என்மேல கோவமாம்மா?"

"இல்ல மிஸ். நீங்க நல்லாத்தான் சொல்லிக்குடுத்தீங்க."

"அப்ப ஏன் விடற?"

"தப்பா எழுதிடுவேனோன்னு பயமா இருக்கு."

ஷிஃப்ரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மணி அடித்தது. பிள்ளை ஓரமாக ஒதுங்கி, வழிவிட்டு நடந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் ஜெபாலயத்தின் பின்வாசலில் பென்ஜி காரை நிறுத்தினான். பெட்டி நிறைந்திருந்தது. எல்காவின் நோட்டை வைத்தாள். அதன்மேல், வருஷம் முழுக்கத் தான் தயாரித்த பாடத்தாள்களை வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனமாவது இருந்தது. எதையும் குப்பையில் போட முடியாது. மூடி இறங்கவில்லை. முழங்கையால் அழுத்திப் பார்த்தாள். அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

"பல் டாக்டர் கூப்பிட்டாரு," என்றான் பென்ஜி. "அந்தப் புதுப் பொண்ணு நின்னுட்டாளாம்."

"வர்றேன்னு சொல்லு."

அவன் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தான். பஞ்சைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் கண்ணாடியைப் பார்த்து வண்டியைத் திருப்பினான்.