புதன்கிழமை சுட்ட அப்பம்

எங்கள் சபையின் திருவிருந்துக்கு அப்பம் சுட்டுக் கொடுத்தது என் மனைவி. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கோதுமை மாவு பிசைவாள். உப்பு கிடையாது, சோடா கிடையாது. சப்பாத்தியைவிடக் கொஞ்சம் தடிமனாகத் தேய்த்து, கரண்டிக் காம்பால் நடுவில் ஒரு சிலுவை கீறி, அதற்கென்றே வைத்திருந்த தோசைக்கல்லில் சுட்டு, வெள்ளைத் துணியில் மூடி வைப்பாள். வீட்டில் யாரும் அதை ருசி பார்க்கக் கூடாது. சுடுகிறவளும் கூடாது.

யாரும் என்றால் நான்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தால் வீடெல்லாம் சுட்ட கோதுமை வாசனை. "ஒண்ணே ஒண்ணு எடு, டீயில தொட்டுக்கிறேன்" என்று வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"நாளைக்கு வரிசையில வந்து வாங்கிக்கங்க."

நான் வரிசையில் போகிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கோயிலுக்கு அவளை பைக்கில் கொண்டுபோய் விடுவேன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், திருவிருந்து ஆரம்பிக்கும்போது வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவேன். விசுவாசம் இல்லாமல் இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாரம் முழுக்கப் பட்டறையில் கண்டவனையும் திட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கையேந்தி நிற்கக் கூச்சமாக இருந்தது. அவள் என்னைக் கட்டாயப்படுத்தியதே இல்லை.

போன வருஷம் அவளுக்கு ஈரலில் கட்டி என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். கடைசியில் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்குப் பிறகும் அவள் அப்பம் சுடுவதை விடவில்லை. நின்று செய்தவள் ஸ்டூலில் உட்கார்ந்து செய்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னை இந்தப் பாடு படுத்துகிறவருக்கு நீயே அப்பமும் சுட்டுக் கொடுக்க வேண்டுமா என்று கத்தியிருக்கிறேன். கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மாவுப் பாத்திரத்தை நகர்த்தித் தரச் சொல்வாள்.

இயேசு சாவதற்கு முந்தின இரவு சீஷர்களோடு பந்தியிருந்ததை நினைத்து, பெரிய வியாழன் சாயங்காலம் கோயிலில் திருவிருந்து உண்டு. முந்தின நாள் புதன்கிழமை அவளால் உட்காரவே முடியவில்லை.

"பேக்கரியில வாங்கிக்கச் சொல்வோம். ஆண்டவர் என்ன கோவிச்சுக்கவா போறாரு?" என்றேன்.

"எனக்குக் குடுத்த வேலைங்க. முடிச்சிட்டுப் படுத்துக்கிறேன்."

கட்டிலை அடுப்படி வாசல்வரை இழுத்துப் போட்டேன். முதுகுக்குத் தலையணை கொடுத்து, பலகையை மடியில் வைத்தேன். மாவு பிசைந்தது நான். கிரீஸ் வாடை போக எலுமிச்சம்பழம் தேய்த்துக் கையைக் கழுவ வைத்த பிறகுதான் மாவைத் தொட விட்டாள். ஒன்றைத் தேய்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள், மூச்சு வாங்கும், பிறகு அடுத்ததை எடுப்பாள். நான் சுட்டு எடுத்தேன். கடைசியில் மிஞ்சிய மாவில் சின்னதாக ஒன்று செய்தாள். அதில் சிலுவை கீறும்போது கை நடுங்கி, குறுக்குக் கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும் துணியால் மூடச் சொல்லிவிட்டுப் படுத்தாள்.

வியாழன் விடிந்தபோது அவள் உயிரோடு இல்லை.

பக்கத்து வீட்டார் காபி கொண்டுவந்தார்கள். டி. கல்லுப்பட்டியிலிருந்து அவள் பிறந்த வீட்டுச் சனம் வந்து இறங்கியது. வெயில் தாங்காது, மூன்று மணிக்கே அடக்கம் என்று முடிவானது. பெட்டி, வண்டி, குழி எல்லாவற்றையும் சபைச் செயலாளர்தான் ஓடியாடிப் பார்த்தார். நல்ல மனிதர். அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்கிராதீங்க. சாயந்தரத்துக்குப் பேக்கரியில ரொட்டி சொல்லிட்டேன்."

"எதுக்கு? அப்பம் இருக்குல்ல."

"இருக்குண்ணே. ஆனா சாவு விழுந்த வீடு. இங்கயிருந்து கொண்டுபோயி திருவிருந்து மேசையில வச்சா, சபையில நாலு பேரு மொகத்தச் சுளிப்பாங்க."

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் பொது. துட்டி வீட்டிலிருந்து ஒரு பிடி சோறு வெளியே போகாது. ஞானஸ்நானம் எடுத்துத் தலைமுறைகள் ஆன பிறகும் இது மட்டும் எங்களை விடவில்லை. முந்தின நாள் அதே பேக்கரியைச் சொன்னவன் நான்தான். இப்போது அதைக் கேட்கப் பொறுக்கவில்லை.

"இன்னைக்கு நீங்க எல்லாரும் கூடுறதே ஒரு சாவ நெனச்சுத்தானய்யா. ஆண்டவரு அப்பத்தக் கையில எடுத்தது என்ன கல்யாண வீட்டுலயா?"

குரல் உயர்ந்துவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வண்டியைப் பார்க்கப் போனார். சரி என்று மட்டும் சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு, துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தே போனேன். பின்னால் அவள் இல்லாமல் பைக்கில் அந்த வழியே போக மனம் வரவில்லை. போதகர் அறையில் மேசைமேல் பேக்கரிப் பொட்டலம் இருந்தது. செயலாளர் பக்கத்தில் நின்றார்.

"ஐயா, இது அவ நேத்து செஞ்சது. முடிச்சிட்டுத்தான் படுத்தா. இது மேசைக்குப் போகலைன்னா அவ வேலை பாதியில நின்னுபோகும்" என்றேன். அழுதுவிட்டேன்.

போதகர் வயதில் சின்னவர், இந்தச் சபைக்குப் புதியவர். மூட்டையை அவிழ்த்து அப்பங்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினார். பொட்டலத்தை எடுத்துச் செயலாளரிடம் நீட்டி, "நாளைக்குப் புனித வெள்ளிக் கஞ்சிக்கு வர்ற பிள்ளைகளுக்குக் குடுத்துருங்க" என்றார்.

அது எந்த வீட்டு அப்பம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. போதகர் திருவிருந்துக்கு அழைத்தபோது ஒருவரும் எழவில்லை. முதலில் எழுந்தது செயலாளர். போய்ப் படியில் முழங்காலிட்டுக் கை நீட்டினார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, பிறகு பெஞ்சு பெஞ்சாக எல்லோரும். அவள் சுட்டதை வாயில் போட்டுக்கொண்டு சிலர் அழுதபடி திரும்பி வந்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தட்டு காலியாகிக்கொண்டு வருவது அப்புறம்தான் உறைத்தது. அவள் கையால் செய்ததில் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்தத் தட்டில் உள்ளதுதான். அதைத் தின்னச் சொல்லித்தான் நான் எல்லோரிடமும் சண்டை போட்டிருக்கிறேன். வேப்பமரத்தடிக்குப் போகவில்லை. எழுந்து வரிசையில் கடைசி ஆளாக நின்றேன்.

என் கையில் விழுந்தது அந்தச் சின்ன அப்பத்தின் துண்டு. சாய்ந்த கோடு அதில் தெரிந்தது. விரல்களை மூடிக்கொண்டேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது. தட்டில் வேறு ஒன்றும் இல்லை.

போதகர் திராட்சரசக் கிண்ணத்தோடு அங்கேயே நின்றார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மிச்சம் வைக்கக் கூடாதுய்யா" என்றார்.

வாயில் போட்டேன். இத்தனை வருஷமும் எனக்கு அதன் வாசனைதான் தெரியும், ருசி தெரியாது. உப்பே இல்லை. மெல்லாமல் நாக்கிலேயே வைத்திருந்தேன். பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அவள் வேலையில் பாக்கி இருந்தது அது ஒன்றுதான். விழுங்கினேன்.