செவலைக்கு விரித்த பாய்

மருமகள் கொள்ளு வேகவைக்கிற வாசனை வந்தாலே எனக்குக் குதிரைக் கொட்டகை நினைவுதான். முதல் உலகச் சண்டைக்கு முந்தி, பாளையங்கோட்டையில் ஒரு ஜமீன்தாரின் பந்தயக் குதிரையான செவலையை அப்பா பார்த்துக்கொண்டார். மெட்ராஸில் அது இரண்டுமுறை தோற்றிருந்தது. இன்னொருமுறை தோற்றால் ஜட்கா வண்டிக்கு விற்றுவிடுவதாக எசமான் சொல்லிவிட்டார்.

புறப்படும் நாளில், ரயில் பெட்டிக்கு ஏறும் பலகையின் சத்தத்துக்குப் பயந்து செவலை நின்றுவிட்டது. அம்மா அப்பாவின் மூட்டையிலிருந்து பத்தமடைப் பாயை உருவிப் பலகைமேல் விரித்தாள்.

"ஏட்டி, கல்யாணப் பாய்லா!" அப்பா பதறினார்.

"கெடக்கட்டும். செவலை ஜட்கா இழுக்கதப் பாக்கணுமாக்கும்?"

செவலை பைய ஏறியது. மெட்ராஸ் பந்தயத்தில் முதலாவதாக வந்தது.

திரும்பியதும் எசமான் கூட்டத்தின் நடுவே அப்பாவின் தோளைத் தட்டினார்.

"எங்க வீட்டுக்காரி பாய விரிக்கலன்னா குதிரை ஊரத் தாண்டிருக்காது, எசமான்" என்றார் அப்பா.

எல்லோரும் திரும்பிப் பார்க்க, அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் குனியவில்லை.